திருவுளத்தின்மேல் பழி சுமத்தாதீர்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதம் தொடங்கி, கல்லூரிச் சேர்க்கைகள் முடிவுறும் காலம்வரை, பங்குத்தந்தையின் இல்லத்து வாசலுக்கு ஒரு கேள்வி ஓயாமல் வந்துகொண்டேயிருக்கும். "பிள்ளைக்கு நர்சிங் கிடைக்கவில்லை, சாமி. இனி என்ன செய்ய?" சங்கரன்கோவிலிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் விசைத்தறி ஓட்டியும், பூக்கட்டியும், பீடி சுற்றியும், கரிசல் காட்டில் களை பறித்தும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் மக்களுக்குச் செவிலியர் படிப்பு என்பது வெறும் படிப்பன்று. குடும்பம் முழுவதும் ஏறிக் கரை சேர்வதற்கென்று கண்டெடுத்த தோணி அது. அந்தத் தோணியில் இடமில்லை என்று சொல்லப்படும்போது எழும் கேள்வியில் ஒரு வீட்டின் பதினெட்டு ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது.

இக்கேள்விக்கு நம்மிடையே ஆயத்தமான பதில் ஒன்று உண்டு. "எல்லாம் ஆண்டவருடைய சித்தம். ஒரு கதவை மூடுகிறவர் மறுகதவைத் திறப்பார்." உறவினர் சொல்கின்றனர், அன்பியக் கூட்டத்தில் சொல்கின்றனர், மறையுரை மேடையிலிருந்தும் சொல்லப்படுகிறது. நல்ல நெஞ்சத்தோடு சொல்லப்படும் இந்தப் பதிலைத்தான் நாம் இங்கே மறுக்க வந்திருக்கிறோம். இறைத் திருவுளத்தில் நமக்கு நம்பிக்கை உண்டு; அது குறைந்ததால் மறுக்கவில்லை. அந்தப் பெரிய சொல்லைக் கொண்டு மனிதர் செய்யும் சிறிய காரியங்களை மூடிமறைக்கலாகாது என்பதாலேயே மறுக்கிறோம்.

எது திருவுளம்?

செவிலியர் பட்டப் படிப்பிற்கான இடம் எவ்வாறு கிடைக்கிறது என்பதை முதலில் நேர்படப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களுக்கும், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களில் பெற்ற பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு தேர்வுக் குழு தரவரிசைப் பட்டியல் ஆயத்தம் செய்கிறது. 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டின்படி அந்தப் பட்டியல் பிரிக்கப்படுகிறது. இடங்கள் தீரும்போது பெயர்களும் நின்றுவிடுகின்றன. எஞ்சிய நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் பணம் செலுத்த வல்லவர்களுக்குச் செல்கின்றன. இதில் எந்த இடத்தில் விண்ணகம் குறுக்கிட்டது? எத்தனை கல்லூரி வேண்டும், எத்தனை இடம் வேண்டும், எவ்வளவு கட்டணம் வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்தவர்கள் மனிதர்கள்.

இறைவன் விரும்புவது வேறு, இறைவன் நிகழவிடுவது வேறு என்பது இறையியலின் தொடக்கப் பாடம். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோது, அக்கேள்வியையே ஆண்டவர் ஏற்க மறுத்தார். சீலோவாம் கோபுரம் இடிந்து மாண்டவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்றும் அவர் எடுத்துரைத்தார். துன்பம் நேர்ந்தவுடன் அதற்கொரு விண்ணுலகக் காரணம் கற்பிக்கும் பழக்கத்தை நற்செய்தி வளர்க்கவில்லை, கண்டிக்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பாளையங்கோட்டை மறைமாவட்டத்தில் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தார் என்னும் தகுதியைச் சமயத்தோடு பிணைத்தது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் அந்தத் தகுதி விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு விரிவாக்கப்படவில்லை. ஆகவே ஒரே தெருவில், ஒரே தொழில் செய்து, ஒரே இழிவைச் சுமந்து வாழும் இரு குடும்பங்களின் பெண்பிள்ளைகள் ஒரே மதிப்பெண் பெற்றாலும், ஒருத்தி பட்டியல் இன ஒதுக்கீட்டிலும், திருமுழுக்குப் பெற்ற மற்றொருத்தி பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் போட்டியிடுகிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இதனை மாற்றக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்காமற்போனதை ஆண்டவருடைய சித்தம் என்று சொல்வோமானால், அரசாணையின் பழியை ஆண்டவர்மேல் சுமத்தியவர்கள் ஆவோம்.

மூன்று அவசரங்கள்

வியப்பு என்னவெனில், காலையில் இதைத் திருவுளம் என்று ஏற்றுக்கொண்ட வீடே மாலையில் அத்திருவுளத்தைப் பணம் கொடுத்து மாற்றப் புறப்பட்டுவிடுகிறது. மறுக்கப்பட்ட வாரத்திலேயே மூன்று அவசரங்கள் வீட்டிற்குள் நுழைகின்றன.

முதலாவது, தரகரின் அவசரம். எந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்பது பங்குத்தந்தைக்குத் தெரியுமுன் தரகருக்குத் தெரிந்துவிடுகிறது. "அங்கே ஒரு சீட் காலியிருக்கிறது, நாளைக்குள் முன்பணம் கட்டவேண்டும்" என்கிறார். நன்கொடை என்னும் பெயரில் கட்டணத்திற்கு மேல் பணம் பெறுவதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. தரகர் கேட்கும் முன்பணத்திற்கு ரசீதும் இல்லை, சட்டமும் இல்லை. இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. ஓராண்டில் 'நர்சிங்' முடித்துவிடலாம் என்று சுவரொட்டி ஒட்டும் சில நிலையங்கள் தரும் சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்ய இயலாது. தமிழ்நாட்டில் செவிலியர் பதிவை முறைப்படுத்தும் சட்டம் 1926-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. மாநில செவிலியர் கவுன்சிலின் பதிவில் பெயர் ஏறாத ஒருவர் வெள்ளுடை அணியலாம்; செவிலியர் ஆகமாட்டார். நோயாளிக்கு உதவும் உதவியாளர் பயிற்சி தன்னளவில் இழிந்ததன்று. அதைச் செவிலியர் படிப்பு என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

இரண்டாவது, கடனின் அவசரம். மகள் பேரில் கொண்ட பாசத்தால் தாலியை அடகு வைக்கும் தாயை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் மீட்டர் வட்டிக்கும் கந்துவட்டிக்கும் வாங்கிய பணம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை நம் பகுதி அறியும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான குடும்பம் ஒன்று சிறு குழந்தைகளோடு தீக்கிரையானதை மறந்துவிட்டோமா? கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003 முதல் இருந்தும் அது நிகழ்ந்தது. வங்கியில் முறையான கல்விக்கடன் 4 இலட்சம் ரூபாய்வரை சொத்துப் பிணையின்றிப் பெறுவதற்குத் திட்டம் இருக்கையில், முன்பின் தெரியாத தரகருக்காக வட்டிக்காரரிடம் போவதைத் தியாகம் என்று நாம் புகழலாகாது.

மூன்றாவது, மணத்தின் அவசரம். "படிப்புத்தான் கிடைக்கவில்லையே, நல்ல இடம் வந்திருக்கிறது, முடித்துவிடுவோம்" என்கிறார்கள். திருமணம் ஒரு திருவருட்சாதனம். கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களுக்கு வழங்கப்படும் ஆறுதல் பரிசாக அதனை ஆக்குவது அச்சாதனத்திற்கே இழுக்கு. முழு உரிமையோடும் முழு அறிவோடும் தரப்படும் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்பது திருச்சபையின் சட்டம். தோல்வியின் கூச்சத்தில் தலைகவிழ்ந்து நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளலாமா?

இம்மூன்று அவசரங்களுக்கும் பொதுவான குறை ஒன்றே. அந்தப் பெண்ணை எவரும் கேட்கவில்லை.

கமில்லஸின் காலும் மேரி சீகோலின் நிறமும்

நோயாளிகளுக்கும் செவிலியருக்கும் திருச்சபை பாதுகாவலராகக் கொடுத்திருக்கும் புனிதர், கமில்லஸ் தெ லெல்லிஸ். கல்லூரிச் சேர்க்கைக்கு நம் பிள்ளைகள் அலையும் ஜூலை மாதத்தில், 14-ஆம் நாள் அவரது திருநாள் வருகிறது. அவரது வரலாற்றில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்றுண்டு. இத்தாலியில் 1550-இல் பிறந்த அவர் போர்வீரராகவும் சூதாடியாகவும் திரிந்து, கையிலிருந்த அனைத்தையும் இழந்து, கப்புச்சின் துறவியரின் கட்டுமானப் பணியில் கூலியாளாகச் சேர்ந்தார். 1575-இல் மனம் மாறி அவர்கள் சபையிலேயே சேர விரும்பினார். காலில் இருந்த ஆறாத புண்ணின் காரணமாகச் சபை அவரை வெளியே அனுப்பியது. மீண்டும் சென்றார், புண் மீண்டும் திறந்தது, மீண்டும் அனுப்பப்பட்டார்.

சபை செய்தது அநீதியன்று. அந்தக் கடுந்தவ வாழ்வை அந்தக் கால் தாங்காது என்பது நியாயமான தீர்ப்பே. ஆனால் அது அவரது காலைப் பற்றிய தீர்ப்பு, அவரைப் பற்றியதன்று. கமில்லஸ் பழைய சூதாட்டத்திற்குத் திரும்பவில்லை. பொய்ச் சான்று காட்டி உள்ளே நுழையவும் முயலவில்லை. தம் புண்ணுக்கு மருந்திட்ட உரோமைப் புனித யாக்கோபு மருத்துவமனைக்கே சென்று, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, காலப்போக்கில் அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். கூலிக்கு வேலை செய்வோர் நோயாளிகளை நடத்திய விதத்தைக் கண்டு நெஞ்சு வெந்தார். முப்பது வயதைக் கடந்தபின் சிறுவர்களுக்கிடையே அமர்ந்து பாடம் படித்து, 1584-இல் குருவானார். அவர் தொடங்கிய சபைக்கு 1586-இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. கதவு மூடியதும் மறுகதவு தானே திறந்துவிட்டதாக இதை யாரும் சுருக்கிச் சொல்லவேண்டாம். மருத்துவமனைத் தரையைக் கூட்டியும் நோயாளிகளின் கழிவை அகற்றியும் கழிந்த ஆண்டுகள் இடையில் இருக்கின்றன.

எல்லா மறுப்புகளும் இவ்வாறு நியாயமானவை அல்ல. 1854-இல் கிரிமியப் போர்முனையில் காயமுற்ற வீரர்களுக்குச் செவிலியர் தேவை என்று இலண்டனில் ஆள் சேர்த்தபோது, ஜமைக்காவில் பிறந்த மேரி சீகோல் விண்ணப்பித்தார். காலரா நோயாளிகளைக் கவனித்த பட்டறிவு அவருக்கு உண்டு. பல வாயில்களைத் தட்டியும் ஏற்க மறுத்துவிட்டார்கள். தம் தோலின் நிறம்தான் காரணமோ என்று அவர் ஐயுற்றார். அந்த ஐயத்தை மறைக்காமல் பின்னர் எழுதியும் வைத்தார். தம் சொந்தச் செலவில் போர்முனைக்குச் சென்று, 1855-இல் விடுதி ஒன்றை அமைத்து, வீரர்களுக்கு உணவும் மருந்தும் அளித்தார்.

இவ்விருவரையும் அடுத்தடுத்து நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. மறுப்பு வந்தவுடன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, இது கமில்லஸின் மறுப்பா, சீகோலின் மறுப்பா என்பதே. மதிப்பெண் உண்மையிலேயே போதவில்லையெனில் அதனைத் தாழ்மையோடு ஏற்று வேறு வழி தேடவேண்டும். சான்றிதழ் ஒன்று உரிய நாளில் கிடைக்காததாலோ, பணம் இல்லாததாலோ, சாதியாலோ, சமயத்தாலோ மறுக்கப்பட்டதெனில், வேறு வழி தேடுவதோடு அந்த அநீதியைப் பெயர் சொல்லி எதிர்க்கவும் வேண்டும். சட்டங்கள் மாறக்கூடியவையே. துறவற சபையினர் மருத்துவம், மகப்பேறு ஆகிய பணிகளில் முழுமையாக ஈடுபடத் திருச்சபைச் சட்டமே ஒருகாலத்தில் தடையாக நின்றது. பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்கள் மருத்துவ உதவியின்றி மடிவதைக் கண்ட மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன், உரோமைக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். அவர் மறைந்தபின் அப்பணியைத் தொடர்ந்த அன்னா டெங்கல், 1925-இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகளின் குழுவைத் தொடங்கினார். 1936 பிப்ரவரியில்தான் உரோமை அத்தடையை நீக்கியது. தடையைத் திருவுளம் என்று எண்ணி அப்பெண்கள் அமர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

முடிவு யாருடையது?

புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் இரண்டு அறிவுரைகளைத் தருகிறார். மனம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில் முன்னர்த் தெளிவோடு செய்த முடிவை மாற்றவேண்டாம் என்பது ஒன்று. குறிக்கோளை முதலில் நிறுத்தி, அதற்கேற்ற வழியைப் பின்னர்த் தெரிந்துகொள்ளவேண்டும். வழியை முதலில் பிடித்துக்கொண்டு குறிக்கோளை அதற்கேற்ப வளைக்கலாகாது என்பது மற்றொன்று. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. 'சீட்' என்பது முதலில் வருகிறது. அந்தப் பெண் வாழ்வில் எதை நாடுகிறாள் என்பது வருவதேயில்லை.

ஆகவே மறுப்பு வந்த வாரத்தில் எந்த முடிவும் வேண்டாம். அந்த வாரத்தில் பிள்ளைக்குத் தேவைப்படுவது திட்டமன்று, துணை. 2017-இல் பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் பெற்றும் மருத்துவ இடம் கிடைக்காமல், செப்டம்பர் முதல் நாளில் உயிரை மாய்த்துக்கொண்ட அரியலூர் மாவட்டத்து அனிதாவை எண்ணிப் பார்க்கிறோம். அந்தச் சாவு நிகழ்ந்திருக்கவே கூடாது. பிள்ளை உண்ணாமல், உறங்காமல், பேசாமல் இருந்தால் அதைப் பிடிவாதம் என்று எண்ணவேண்டாம். அருகிலிருங்கள். 104, 14416 ஆகிய அரசு உதவி எண்களில் பேசத் தயங்கவேண்டாம்.

நெஞ்சு சற்றுத் தெளிந்தபின் அவளிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: "உனக்கு வேண்டியது நோயாளியின் படுக்கையருகே நிற்பதா, நிலையான ஊதியமா, வெளிநாட்டுப் பயணமா, அல்லது தோழிகள் விண்ணப்பித்ததால் நீயும் விண்ணப்பித்தாயா?" எந்த விடையும் வெட்கத்திற்குரியதன்று. ஆனால் விடைக்கேற்ப வழி மாறும்.

படுக்கையருகே நிற்பதே வேண்டுமெனில், பட்டப் படிப்பு மட்டுமே வாயில் அன்று. மூன்றாண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பு உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகளிலும் அது நடைபெறுகிறது. பட்டயம் பெற்று, பதிவும் செய்துகொண்டபின், இரண்டாண்டு மேற்படிப்பின் வழியாகப் பட்டதாரி ஆகலாம். இரண்டாண்டுத் துணைச் செவிலியர் பயிற்சி உண்டு. சிற்றூர்களில் தாய்சேய் நலம் காக்கும் பணிக்கு அது வழி. நோயாளிக்கு உதவும் பணி வேண்டும், ஆனால் செவிலியராகவே ஆகவேண்டும் என்பதில்லை எனில், ஆய்வக நுட்பம், கதிரியக்கம், சிறுநீரகச் சுத்திகரிப்பு, அறுவை அரங்க நுட்பம், இயன்முறை மருத்துவம், மருந்தாளுநர் பட்டயம் என்று பல துறைகள் உள்ளன. இவற்றுள் பலவற்றை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2021-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. எதைத் தேர்ந்தாலும், நிலையத்தின் பெயர் மாநில செவிலியர் கவுன்சிலின் பட்டியலில் அல்லது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற உரிய அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே ஒரு ரூபாயேனும் கட்டவேண்டும்.

ஊதியமே குறிக்கோள் எனில், உண்மையை மறைக்காமல் சொல்லுவோம். தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு ஒப்பந்தச் செவிலியரே மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணியாற்றி, 2017 நவம்பரில் சென்னையில் அமர்ந்து போராடவேண்டியிருந்தது. கொரோனாக் காலத்தில் எடுக்கப்பட்ட செவிலியருக்கு 2022 இறுதியில் பணிநீட்டிப்பு மறுக்கப்பட்டது. இதையெல்லாம் அறிந்த பின்னும் அவள் செவிலியர் பணியையே நாடுவாளானால், அவளது முடிவு உறுதியானது. ஓராண்டு காத்திருந்து மறுபடி முயல்வதும் அவளுக்கு வீணன்று. அறியாமல் செய்யும் முடிவுதான் வீண்.

"சேவைதானே, சான்றிதழ் எதற்கு?"

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் வரும். நல்ல சமாரியர் எந்தக் கல்லூரியில் படித்தார், அன்பிருந்தால் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். இடம் கிடைக்காத பெண்பிள்ளைகளைச் சிறு மருத்துவமனைகளில் சொற்பச் சம்பளத்திற்குச் சேர்த்து, ஊசி போடவும் மருந்து ஏற்றவும் பழக்கி, அதனைச் சேவை என்று அழைக்கும் வழக்கத்திற்கு இந்தக் கேள்வி அரணாக நிற்கிறது.

உவமையை முழுவதும் படிக்கவேண்டும் என்பதே நம் மறுமொழி. சமாரியர் தம்மால் இயன்ற முதலுதவியைச் செய்தார். அதன்பின் காயமுற்றவரைச் சாவடிக்குக் கொண்டுசென்று, மறுநாள் இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுத்தார்; மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். இரண்டு தெனாரியம் என்பது ஒரு தொழிலாளியின் இரண்டு நாள் கூலி. பராமரிப்பிற்கு விலை உண்டு என்பதையும், அந்த விலையைக் கொடுப்பதே இரக்கம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். பயிற்சியற்ற கையில் ஊசியைக் கொடுப்பது நோயாளிக்குத் தீங்கு. அந்தக் கைக்கு உரிய கூலியைக் கொடாதிருப்பது பெண்ணுக்குத் தீங்கு. இரு தீங்குகளைச் சேர்த்தால் ஒரு சேவை வந்துவிடாது. உச்ச நீதிமன்றம் 2016-இல் பிறப்பித்த ஆணையை ஒட்டி அமைக்கப்பட்ட வல்லுநர் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் ஊதியம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. சிலுவை பொறித்த மருத்துவமனைகளுக்கு இப்பரிந்துரை பொருந்தாது என்று அக்குழு எங்கும் சொல்லவில்லை.

நம் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்தியாவில் நோயாளருக்குத் திருச்சபை ஆற்றிய தொண்டை எவரும் குறைத்துப் பேசமுடியாது. குண்டூரில் பணியாற்றிய மருத்துவத் துறவி மேரி குளோரியின் முயற்சியால், 1943-இல் ஒருசில அருட்சகோதரிகளோடு தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கம் இன்று நாடெங்கும் பரந்திருக்கிறது. அந்த மரபின் பெயராலேயே கேட்கிறோம்.

அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் 93-ஆம் திருத்தம், தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீடு செய்ய அரசுக்கு அதிகாரம் அளித்தபோது, சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. உச்ச நீதிமன்றம் 2014-இல் அவ்விலக்கை உறுதி செய்தது. இவ்வளவு பெரிய பாதுகாப்பு எதற்காக? கட்டடங்களுக்காகவா, சமூகத்திற்காகவா? அது கிறிஸ்தவச் சமூகத்தின் உரிமை. அச்சமூகத்தின் கடைக்கோடியில் நிற்கும் பீடித் தொழிலாளியின் மகளுக்கு அதில் முதற்பங்கு உண்டு. சிறுபான்மை ஒதுக்கீட்டில் எவர் எந்த மதிப்பெண்ணுக்குச் சேர்க்கப்பட்டார் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. பத்தில் ஓர் இடத்தையேனும் மறைமாவட்டத்தின் மிக வறிய மாணவியருக்குக் கட்டணமின்றி ஒதுக்குவதற்கும் எவர் அனுமதியும் தேவையில்லை. மறையுரையில் ஏழைகளுக்கு முன்னுரிமை என்று முழங்கிவிட்டு, சேர்க்கை அலுவலகத்தில் பணத்திற்கு முன்னுரிமை தரும் எந்த நிறுவனமும், அது எவ்வளவு அழகிய புனிதரின் பெயரைத் தாங்கியிருப்பினும், அப்பெயருக்கு உரியதன்று.

பங்கு என்ன செய்யலாம்?

பெரிய மாற்றங்கள் வரும்வரை பங்கு கைகட்டி நிற்கவேண்டியதில்லை. ஏப்ரல் தொடங்கி ஆகஸ்டுவரை ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலிக்குப் பின் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடலாம். பங்கிலேயே பணியாற்றும் அல்லது ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும், ஆசிரியர் ஒருவரும் அங்கே அமரலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பிளஸ் டூ முடிவு வருமுன்னரே பெற்றுவைக்க அவர்கள் வழிகாட்டலாம். அரசுப் பள்ளி மாணவியருக்கென 2022-இல் தொடங்கப்பட்டு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம், 2024 இறுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிவாக்கப்பட்டது. நம் மறைமாவட்டப் பள்ளிகளில் படித்த எத்தனை பிள்ளைகளின் பெற்றோர் இதை அறிவார்கள்? பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நடுவண் அரசின் கல்வி உதவி உண்டு. பட்டியல் இனத்திலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவருக்கு மாநில அரசின் மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. நம்மிடம் வந்து சேராத செய்தி, தரகரின் பையில் முன்பணமாக மாறுகிறது.

ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலிக்கு விசாரிக்கப் போவதற்கே ஒருநாள் கூலியை இழக்கும் பெற்றோருக்கு, இந்த மேசை ஒரு திருப்பயணத் தலத்தைவிடப் பயன் தரும் என்று துணிந்து சொல்லுவோம். திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் பாதியை ஒதுக்கினாலே, ஆண்டுக்கு இரண்டு மாணவியரின் விடுதிக் கட்டணத்திற்குத் தோள்கொடுக்கும் நிதி ஒன்றை எந்தப் பங்கும் தொடங்கிவிடலாம்.

இடம் கிடைக்காத மகளே, இறுதியாக உன்னிடம் பேசுகிறோம். பட்டியல் ஒன்றில் உன் பெயர் இல்லை, அவ்வளவே நிகழ்ந்தது. உன்னை அழைத்தவர் அந்தப் பட்டியலை எழுதியவர் அல்லர். நீ தேறாதவள் என்று சொல்கிறவர்களுக்கும் செவிகொடாதே; நாளைக்குள் பணம் கட்டு என்கிறவர்களுக்கும் செவிகொடாதே. உனக்கு எது வேண்டும் என்பதை அமைதியாக எண்ணு. அதற்கான வழிகளை நேர்மையாக விசாரி. முடிவை நீயே எடு. அந்த முடிவைத் தாங்கி நிறுத்துவது உன் பெற்றோரின் கடமை, உன் பங்கின் கடமை, உன் திருச்சபையின் கடமை. அக்கடமையைச் செய்து முடித்தபின் நாம் திருவுளத்தைப் பற்றிப் பேசலாம்.